எனக்குக் கிடைத்த தலைப்பு பயணிகள்

மாலுமியைத் தலைமையாசிரியர் ஞானசம்பந்தன் தனக்கே வைத்துக்கொண்டார். கவியரங்கத்துக்குத் தலைவரும் அவர்தான் என்பதால் அதை யாரும் கேட்க முடியாது. நங்கூரம் சரித்திர வாத்தியாருக்குப் போனது, பாய்மரம் கணக்கு வாத்தியாருக்கு. கலங்கரை விளக்கத்தை மில் ஆபீசில் டைப் அடிக்கிற ஒருவர் முந்தைய வாரமே சொல்லிவைத்துவிட்டார். பந்தியில் இலை போடுகிறவரைப் போல ஆசிரியர் அறையில் வரிசையாகத் தலைப்புக் கொடுத்துக்கொண்டே வந்த ஐயா, கடைசியில் என்னிடம் வந்ததும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "டெல்பின், உங்களுக்குப் பயணிகள்" என்றார். கப்பலில் மிச்சமிருந்தது அவர்கள்தான்.

முதலாளி குமரகுருபரனுக்கு அந்தத் தை மாதம் மணிவிழா. மில் கலையரங்கத்தில் சாயந்தரம் கவியரங்கம். பொதுத் தலைப்பு 'ஒரே கப்பலில்'. மில்லுக்கும் கப்பலுக்கும் என்ன சம்பந்தம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். எங்களுக்கு அந்தச் சந்தேகமே வராது. வெள்ளம் வடிந்த பிறகு மில் வாசலில் லாரிமேல் ஏறி நின்று முதலாளி பேசிய பேச்சு அது. "நாம எல்லாரும் ஒரே கப்பல்ல போறோம். கப்பல் தப்பிச்சாத்தான் நாம தப்பிப்போம்" என்றார். அதைச் சொல்லும்போது அவருக்குத் தொண்டை அடைத்தது. கீழே நின்றவர்களில் பாதிப் பேருக்கும் அடைத்தது. எனக்கும் அடைத்தது என்றுதான் சொல்ல வேண்டும். நல்ல குரல் அவருக்கு.

அதற்கு முந்தின ஐப்பசிக் கடைசியில் தாமிரபரணி வந்த வரத்தை இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. எங்கள் மில் முக்கூடலுக்கு மேற்கே, ஆற்றை ஒட்டியே இருந்தது. ராத்திரி ஷிப்டு ஓடிக்கொண்டிருக்கும்போது தண்ணீர் உள்ளே ஏறியது. மிஷின் நின்றது. ஆட்கள் நிற்கவில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் நின்று விடிகிற வரைக்கும் பஞ்சுப் பொதிகளை மேலே ஏற்றினார்கள். மில் லாரிகள் இரண்டும் பங்களா வாசலுக்குப் போய் முதலாளி வீட்டு ஆட்களையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு மேட்டுப் பக்கம் கிளம்பின. மில் ஆட்கள் குடியிருந்த லைன் வீட்டுப் பெண்கள் நாங்கள் பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூட மாடிக்கு நடந்தோம். ஒரு லாரி எங்களைத் தாண்டிப் போனபோது விளக்கு வெளிச்சத்தில் உள்ளே பார்த்தேன். ஒரு சோபாவும், ஒரு தொட்டிலும், நாலைந்து பேரும். மீதி இடம் காலியாகக் கிடந்தது. கை காட்டினோம். டிரைவர் எங்களைப் பார்த்தான், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தான், அப்புறம் ரோட்டைப் பார்த்தான்.

கூலி போட்டபோதுதான் கப்பல் பேச்சுக்கு அர்த்தம் விளங்கியது. அந்த ராத்திரிக்கு, மிஷின் ஓடின நேரம் வரைக்கும்தான் கூலி. அதற்கப்புறம் பொதி தூக்கினது உற்பத்தியில் சேராதாம். சொன்னது சின்ன முதலாளி சிவகணேஷ். வெளிநாட்டில் நிர்வாகம் படித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். அவர் குரல் அப்பா குரல் மாதிரி அடைக்காது.

பக்கத்து வீட்டுச் சுடலைவடிவின் புருஷன் முப்பிடாதி மில்லில் வாட்ச்மேன். அன்றைக்கு லைன் வீடுகளில் ஒவ்வொரு கதவாகத் தட்டி எழுப்பியது அவர்தான். என் கதவையும். "டீச்சர், பொஸ்தகத்த எல்லாம் அப்புறம் எடுக்கலாம், எந்திச்சு வாங்க" என்று சத்தம் போட்டது இன்னும் காதில் இருக்கிறது. எங்களை மாடியில் ஏற்றிவிட்டு, குடோனில் ஆள் போதவில்லை என்று யாரோ கூப்பிட, திரும்பவும் தண்ணீருக்குள் இறங்கிப் போனார். உடல் சேரன்மாதேவிப் பக்கம் கிடைத்தது. மில்லில் கொடுத்திருந்த டார்ச் லைட் கயிற்றோடு மணிக்கட்டில் அப்படியே இருந்தது. மில் ஆபீசில் அது தொலைந்த சாமான் என்று எழுதி, அவருக்கு வரவேண்டிய பாக்கியில் அதன் விலையைப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு அது கிடைத்துவிட்டது என்று கேள்விப்பட்டு வாங்கிவர ஆள் அனுப்பினார்கள். சுடலைவடிவு வாசல்படியில் நின்றுகொண்டு, "அதுக்குத்தான் காசு பிடிச்சாச்சுல்லா. இது இப்ப என் டார்ச்சு" என்று திருப்பி அனுப்பினாள். ஈரத்தைத் துடைத்து, வெயிலில் காயவைத்து, புது பேட்டரி போட்டாள். எரிந்தது. அன்றிலிருந்து பட்டப்பகலில் கடைக்குப் போனாலும் அது அவள் கையில் இருக்கும்.

நான் மணப்பாட்டுக்காரி. எங்கள் தெருவில் வள்ளம் கவிழ்ந்து ஒருவன் திரும்பவில்லையென்றால், அவனுடைய முப்பதாம் நாள் பூசை முடிகிற வரைக்கும் அந்த வள்ளத்தில் அவன் பங்கு வீட்டுக்கு வந்துகொண்டிருக்கும். கரையில் மீனைக் கூறு வைக்கும்போது செத்தவனுக்கும் ஒரு கூறு வைப்பார்கள். என் அப்பா போன பிறகு அப்படி வந்த மீனைத்தான் அம்மா அமலோற்பவம் அழுதுகொண்டே ஆய்ந்து எங்களுக்குச் சமைத்தாள். யாரும் அதைத் தர்மம் என்று சொன்னதில்லை. அவன் கை பிடித்த வலை, அவன் பங்கு, அவ்வளவுதான். அதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு, செத்தவன் கணக்கில் டார்ச்சைக் கழிக்கிற புத்தி எங்கிருந்து வருகிறது என்று புரியவே இல்லை. ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனால் ஆத்திரத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அந்த மில் நடத்துகிற பள்ளிக்கூடத்தில் தற்காலிகத் தமிழ் ஆசிரியை நான். ஜூனில் நிரந்தரம் செய்கிறோம் என்று மூன்று ஜூனாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இந்த ஜூன் நிச்சயம், மணிவிழாவில் நன்றாகப் பாடிவிடுங்கள் என்று ஞானசம்பந்தன் ஐயாவே சொன்னார். என் சம்பளத்தில்தான் மணப்பாட்டு வீட்டில் அடுப்பு எரிந்தது.

பயணிகளைத் தேடிப் பாளையங்கோட்டை நூலகத்துக்குப் போனேன். அங்கே ஒரு பழைய இங்கிலீஷ் பத்திரிகையில் டைட்டானிக்கைப் பற்றி நீளமாக எழுதியிருந்தார்கள். பனிப்பாறையில் மோதியது எல்லாருக்கும் தெரிந்த கதைதான். மற்றதுதான் எனக்குத் தெரியாமல் இருந்தது. நாற்பது பேர் ஏறக்கூடிய ஒரு படகில் பன்னிரண்டு பேர் மட்டும் போயிருக்கிறார்கள். கப்பல் மூழ்கிய அந்த நிமிடத்தோடு சிப்பந்திகளின் சம்பளத்தை நிறுத்தியிருக்கிறார்கள். கடைசி வரைக்கும் வாத்தியம் வாசித்துச் செத்துப்போன ஒரு பையனின் அப்பாவுக்கு, அவன் போட்டிருந்த சீருடைக்குப் பாக்கி என்று பில் அனுப்பியிருக்கிறார்கள். அந்த இடத்தில் பத்திரிகையை மூடிவிட்டுச் சுற்றிலும் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நாலு பேர் பேப்பருக்குமேல் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களை எழுப்பிச் சொல்லவேண்டும் போல இருந்தது.

எழுதி முடித்ததும் முதலில் சுடலைவடிவுக்குத்தான் படித்துக் காட்டினேன். முறத்தை மடியில் வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்கியபடியே கேட்டாள். மில் என்ற வார்த்தையோ வெள்ளம் என்ற வார்த்தையோ அதில் எங்கேயும் இல்லை. படித்து முடித்ததும் ஒரு கல்லைப் பொறுக்கி வாசலில் எறிந்தாள். அப்புறம் கேட்டாள்:

"அந்தப் பில்லுக்கு அவன் அப்பன் காசு குடுத்தானா?"

"குடுக்கல."

"மனுசன்" என்றாள் சுடலைவடிவு. பிறகு, "நீங்க இத அங்கன படிக்காண்டாம் டீச்சர். ஒங்க வேலை போயிரும். எனக்குக் கேட்டாச்சு, அது போதும்" என்றாள்.

மேடையில் படிப்பதற்கு முன்னால் தலைவரிடம் காட்டி ஒப்புதல் வாங்கவேண்டும். ஞானசம்பந்தன் ஐயாவிடம் கொடுத்தேன். அவர் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். கம்பெனியை அடித்துக் குழுமம் என்று போட்டார். பில்லை அடித்து விலைச்சீட்டு என்றார். ஒரு இடத்தில் ஓசை தட்டுகிறது என்று விரலால் மேசையில் தாளம் போட்டுப் பார்த்துச் சரி செய்தார். மனிதர் யாப்பில் புலி. முழுவதையும் இரண்டு தரம் படித்தார், ஒன்றும் கண்ணில் படவில்லை. அவருடைய கவலை வேறாக இருந்தது.

"மணிவிழாவுல போயி முங்குத கப்பலப் பாடுதீகளே. அபசகுனம்லா?"

"பயணிகள்னு குடுத்தீங்க ஐயா. முங்காத கப்பல்ல பயணிகளப் பத்தி யாரு எழுதியிருக்கா?"

அது அவருக்குப் பிடித்துவிட்டது, சிரித்தார். சரி, முடிவில் ஒரு மங்கலம் வைத்துவிட்டால் தோஷம் இல்லை என்று சொல்லி, அங்கேயே நாலு வரி எழுதி என் தாளின் அடியில் சேர்த்தார். அந்தக் கப்பலுக்கு நல்ல மாலுமி வாய்க்கவில்லை, நம் கப்பலுக்கு வாய்த்தார் குமரகுருபரர், வாழ்க அவர் பல்லாண்டு. அவ்வளவுதான். அந்த நாலு வரி சேர்ந்ததும் நான் எழுதின அத்தனையும் முதலாளிக்குப் போட்ட மாலையாகிவிட்டது. வெள்ளைக்காரன் கெட்டவன், நம்ம ஆள் நல்லவர். படித்துப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது. கூடவே, வெட்கத்தை விட்டுச் சொன்னால், ஒரு நிம்மதியும் வந்தது. இனி இதைத் தைரியமாக மேடையில் படிக்கலாம். ஜூன் எனக்குத்தான்.

விழாவன்றைக்கு லைன் வீட்டு ஆட்கள் எல்லாரும் வந்தாகவேண்டும் என்று உத்தரவு. மேடையின் பின்புறம் முழுக்க டிராயிங் மாஸ்டர் தெர்மகோலில் ஒரு பெரிய கப்பல் செய்து நிறுத்தியிருந்தார். அதில் சுக்கானைப் பிடித்து நின்ற மாலுமிக்கு முதலாளியின் மீசை இருந்தது. தொழிலாளர் சார்பில் ஒரு வெள்ளிக் கப்பலையும் பரிசளித்தார்கள். அதற்கு ஒவ்வொருவர் கூலியிலும் பிடித்திருந்தார்கள், யாரையும் கேட்டுப் பிடித்ததாக நான் கேள்விப்படவில்லை. முதலாளி மேடை நடுவில், மாலையோடு, சிம்மாசனம் போலிருந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஞானசம்பந்தன் ஐயா தலைமைக் கவிதை பாடிவிட்டு, எங்கே போனாலும் சொல்கிற தன் சட்டத்தை அன்றைக்கும் கம்பீரமாகச் சொன்னார். கவியரங்கில் அவைதான் ராஜா. ஒரு வரி பிடித்திருந்து அவை மறுபடி கேட்டால் கவிஞர் மறுபடி சொல்லியே ஆகவேண்டும். தலைவர் நினைத்தாலும் தடுக்க முடியாது. முப்பது வருஷமாகத் தான் தலைமை தாங்கிய அரங்குகளில் இந்த மரபு ஒருநாளும் மீறப்பட்டதில்லை. கைதட்டல் வாங்கினார்.

நங்கூரமும் பாய்மரமும் கலங்கரை விளக்கமும் முடிந்தன. எல்லாக் கவிதையிலும் முதலாளி நடந்தார், காற்று வழிவிட்டது. பின்வரிசையில் பிள்ளைகள் அழ ஆரம்பித்திருந்தன. என் முறை வந்தபோது மைக் செட் முகம்மது சுல்தான் மைக்கை என் உயரத்துக்கு இறக்கிவிட்டுப் போனார். தலைவர் வணக்கம், முதலாளி வணக்கம், அவை வணக்கம். அப்புறம் ஆரம்பித்தேன்.

"பனிப்பாறைக்குத் தெரியாது
யார் முதல் வகுப்பு, யார் மூன்றாம் வகுப்பு.
தண்ணீருக்கும் தெரியாது.
தெரிந்ததெல்லாம் படகுக்குத்தான்."

முதல்வரிசையில் கைதட்டினார்கள். முதலாளிகூடத் தலையசைத்தார். நல்ல கவிதை ரசிப்பவர்தான்.

"நாற்பது பேர் ஏறும் படகில்
பன்னிரண்டு பேர் போனார்கள்.
மிச்ச இடத்தில்
காற்று உட்கார்ந்து போனது."

பின்னால் பேச்சு நின்றது. பிள்ளைகளை யாரோ அதட்டி அடக்குவது கேட்டது. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல், "மறுபடி சொல்லுங்க" என்றது. சொன்னேன். அந்தப் பெண்கள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு லாரிக்குக் கை காட்டியவர்கள். இரண்டாம் தரம் சொல்லும்போது அவர்கள் கைதட்டவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கப்பல் மூழ்கிய நிமிடத்தில்
கணக்கை முடித்தது கம்பெனி.
அதற்கப்புறம் நீந்தியவனுக்குச்
சம்பளம் இல்லை."

குழுமம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இங்கே இருப்பவர்கள் யாரும் குழுமத்தில் வேலை பார்க்கவில்லை. ஆண்கள் பக்கம் மொத்தமாக ஒரு சத்தம் எழுந்தது. "இன்னொருக்க", "இன்னொருக்க". சொன்னேன். மூன்றாம் தரமும் கேட்டார்கள், சொன்னேன். முதலாளியின் தலையசைப்பு நின்றுபோயிருந்தது. ஞானசம்பந்தன் ஐயாவின் முகத்தைப் பார்த்தேன். சிவப்புப் பேனாவோடு இரண்டு தரம் படித்தபோது தெரியாதது அப்போது தெரிந்துவிட்டது. பாவம், அவர் கையெழுத்து என் தாளில் இருந்தது. குனிந்து, "மங்கலத்துக்கு வந்திருங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். சிவகணேஷ் இறங்கிப்போய்ச் சுல்தானிடம் ஏதோ சொல்வது தெரிந்தது. சுல்தான் ரொம்ப மரியாதையாகத் தலையாட்டிவிட்டு ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் குனிந்து, எந்தச் சுவிட்சு என்று பையப் பையத் தேட ஆரம்பித்தார். இருபது வருஷமாக அவர் கை பட்ட பெட்டி அது.

தாளில் இன்னும் ஒரு பத்தி இருந்தது. அதற்குக் கீழே சிவப்பு மையில் மங்கலம். அந்தப் பத்தியைத் தாண்டி நேராகச் சிவப்புக்குப் போய்விடலாம். அதுவரை சொன்னதெல்லாம் வெள்ளைக்காரன் கதையாகிவிடும், முதலாளி மறுபடி தலையசைப்பார், அவர் வீட்டம்மா எனக்குப் பொன்னாடை போர்த்துவார். ஜூனில் மணப்பாட்டுக்கு ஒரு தந்தி அடிக்கலாம். அம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது. கூடவே, அந்த மீனை ஆய்ந்துகொண்டிருந்த அவளுடைய கையும் வந்தது. அந்தக் கை என்னைச் சிவப்புக்குப் போகவிடவில்லை.

"கடைசி வரை வாசித்தவன்
கடலுக்குள் போனான்.
அவன் போட்டிருந்த கோட்டுக்கு
அப்பன் வீட்டுக்கு வந்தது பில்."

டார்ச் கதை தெரியாதவர்கள் யாரும் அங்கே இல்லை, மேடையில் இருந்தவர்கள் உட்பட. ஞானசம்பந்தன் ஐயா எழுந்து, கவிஞர் அடுத்து மங்கலம் பாடி நிறைவு செய்வார் என்று மைக் இல்லாமலே சொன்னார். அப்போது பின்வரிசையில் ஒருத்தி எழுந்து நின்றாள். எனக்குக் கேட்டாச்சு, அது போதும் என்றவள்தான்.

"இன்னொருக்க சொல்லுங்க டீச்சர்" என்றாள் சுடலைவடிவு.

ஐயா வாயைத் திறந்தார். முப்பது வருஷம் சொன்ன சட்டம் தொண்டையில் நின்றது போல, மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவருடைய அந்த மரபுக்காக அவரை இன்றைக்கும் மன்னிக்கிறேன். நான் மறுபடி சொன்னேன். அவள் உட்காரவில்லை. "இன்னொருக்க" என்றாள். அவளைச் சுற்றி இன்னும் நாலு பேர் எழுந்தார்கள். அதற்குள் சிவகணேஷ் சுல்தானை நம்பிப் பயனில்லை என்று தெரிந்துகொண்டு, தானே பக்கச்சுவருக்குப் போய் மெயின் சுவிட்சை இழுத்து இறக்கினார். மைக் செத்தது. சீரியல் பல்பு, டியூப் லைட் எல்லாம் செத்தன. வெளிநாட்டில் என்ன படித்தாரோ, ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. மங்கலம் தாளில் இருந்தது, அதை இருட்டில் படிக்க முடியாது. மற்றது எனக்கு மனப்பாடம்.

சின்ன டிக் என்ற சத்தம். பின்வரிசையிலிருந்து ஒரு டார்ச் வெளிச்சம் புறப்பட்டு வந்தது. எனக்குத்தான் வருகிறது என்று நினைத்துப் பழக்கத்தில் தாளை உயர்த்திப் பிடித்தேன். அது என்னைத் தொடவில்லை. மேடை விளிம்பில் ஏறி, வெள்ளிக் கப்பலைத் தடவி, மாலைமேல் ஊர்ந்து, முதலாளியின் முகத்தில் போய் நின்றது. அவர் கண் கூசி வலது கையைத் தூக்கி மறைத்துக்கொண்டார். அந்தக் கையின் நிழல் பின்னாலிருந்த தெர்மகோல் கப்பலின் மேல், மீசை வைத்த மாலுமியையும் சேர்த்து மூடிக்கொண்டு கிடந்தது.

"கடைசி வரை வாசித்தவன்" என்று ஆரம்பித்தேன். அடுத்த வரியை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இருட்டுக்குள்ளிருந்து அவர்களே சொன்னார்கள். டார்ச் வெளிச்சம் ஆடாமல் நின்றது.